பெட்டிக்குள் கை வைக்காதே

தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரே மின்னதிர்ச்சியில் வழிக்குக் கொண்டுவரும் கருவி அது. பெட்டியின் நெற்றியில் அப்பாவின் பெயர் இருந்தது. அவருக்குப் பின் அதைத் தயாரிக்கும் நிறுவனத்தைக் கட்டிக் காப்பவர் அண்ணன்.

பெரியவர்களுக்கு அது கொடுப்பது நூற்றைம்பது ஜூல். குழந்தைக்கு ஐம்பது போதும். சக்தியின் பெரும்பங்கை விழுங்கிவிட, தங்கை ஒயரின் நடுவே ஒரு சின்ன டப்பாவை மாட்டியிருந்தாள். குழந்தைகள் வார்டின் டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்று ஐம்பது வராவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். அப்பா பெயருக்கு அப்படி ஓர் இழுக்கா?

தங்கை பொத்தானை அழுத்தினாள். நோயாளிக்குப் பதிலாக இணைத்திருந்த அளவுமானி நூற்று நாற்பது காட்டியது.

"பச்சப்புள்ளைக்கு இந்த அடியா?" என்றார் டாக்டரம்மா.

தங்கை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணனுக்குத்தான் பொறி தட்டியது. உடம்பு மின்சாரத்தைத் தடுத்தால் இன்னும் அழுத்தித் தள்ளும்படி கருவியைப் பழக்கியவரே அவர். எங்கள் பெட்டி யாருக்கும் குறைத்துக் கொடுக்காது என்று ஊரெல்லாம் மார்தட்டியவர்.

"உன் டப்பாவை அது ஒரு குண்டு ஆளுன்னு நினைச்சுக்கிச்சு. முட்டித் தள்ளுது," என்றார்.

"அதனாலதான் உள்ளேயே அளவைக் குறைக்கலாம்னு சொன்னேன். அப்பா பேர் போட்ட பெட்டிக்குள்ள கை வைக்காதேன்னு குதிச்சது யாரு?"

அண்ணன் திருப்புளியை எடுத்தார். இதுவரை பிறர் கை படவிடாத மூடியைத் தாமே கழற்றினார்.

"உள்ளே மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"புரோகிராமை எழுதியே வச்சிருக்கேன். ஏத்தினா போதும்."

"எப்ப எழுதினே?"

"நீங்க முடியாதுன்ன அன்னைக்கே."

"திமிர் பிடிச்சவ. அப்பா மாதிரியே."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு மடிக்கணினியை இணைத்தாள். டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, குழந்தைகளின் மார்பில் ஒட்டும் பட்டைகளை நேராகச் செருகினாள். கருவி அவற்றை அடையாளம் கண்டு திரையில் குழந்தைப் படம் காட்டியது. தங்கை மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

ஐம்பது.

"இன்னொரு தடவை," என்றார் டாக்டரம்மா, முக்காலியை விட்டு எழுந்து.

நாற்பத்தொன்பது. மறுபடியும் ஐம்பது.

"மத்த சோதனையெல்லாம் என் வார்டுலயே வச்சுக்கலாம். நாளைக்கே கொண்டு வாங்க."

"மூடியை மாட்டிடட்டுமா அண்ணா?"

"இரு, அவசரப்படாதே," என்றார் அண்ணன். பொத்தானில் அவர் விரல் ஏற்கெனவே இருந்தது. "இப்ப நான் அழுத்துறேன்."