வரிசைத் தட்டில் கிராபிக்ஸ் கார்டு

...இல்லை, உயரம் இடிக்கும், இந்தக் கேபினட்டுக்குள் ப்ராசஸரைக் குளிர்விக்கும் இந்தக் கூலர் நிற்காது, அடித்துப் பிடித்து நிற்க வைத்தாலும் பக்கத்துக் கண்ணாடி மூடாது, மூடாத கண்ணாடியை நாலு பேர் பார்க்க நடுக்கூடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா, வேறு வினையே வேண்டாம் என்று ஜெயஸ்ரீ கையிலிருந்த பெட்டியை மறுபடியும் மேசைமேல் வைத்தாள். "இன்னாமா, இதுவும் வேணாவா?" என்றார் ஆபேல் அண்ணன். கடை அவருடையது, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி, கம்ப்யூட்டர் சாமான்கள் கூரை முட்ட அடுக்கியிருக்கும், தீபாவளி நெருக்கத்தில் படியேறி வருகிறவர்களுக்கு நிற்க இடமில்லை. வேணாம்ண்ணா, குட்டையா ஒண்ணு குடுங்க, காத்து நல்லா இழுக்கணும் என்றாள். ஒரு மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அம்மா காந்தா உட்கார்ந்திருந்தாள், மடியில் பை, காலடியில் புதுசாக வாங்கின எவர்சில்வர் தாம்பாளங்கள், பதினொன்று. மதர்போர்டு என்ற சொல்லை இன்று காலையில்தான் அம்மா முதல்முறையாகக் கேட்டாள், அதற்குள் எது எந்தத் தட்டில் என்று முடிவு செய்துவிட்டாள். நீளமாக இருப்பதால் கிராபிக்ஸ் கார்டு முதல் தட்டு, அதற்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்கு, மேலே ஒரு முழம் சாமந்தி.

எல்லாம் அப்பா கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. தலை தீபாவளி வருதே, மாப்ள, மோதிரமா வண்டியா, கூச்சப்படாம சொல்லுங்க என்று அப்பா தட்சிணாமூர்த்தி கேட்க, ஹேமநாத் கூச்சப்பட்டுக்கொண்டே, ஒரு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டான். கீழ்க்கட்டளையில் நிலமாக இருந்ததெல்லாம் வாடகை வீடுகளாகிவிட்ட அப்பாவுக்கு அது என்ன பொருள் என்றே பிடிபடவில்லை, ஆபீஸ் வேலைக்குப் போலிருக்கு என்று அவரே ஒரு சமாதானம் செய்துகொண்டார். அம்மாவுக்குத்தான் குறை. சிட்லபாக்கத்துச் சம்பந்தி வீட்டுக்குத் தீபாவளி அழைக்கப் போகும்போது வரிசைத் தட்டு எடுத்துப் போக வேண்டும், ஒற்றை டப்பாவை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போய் நின்றால் தெரு சிரிக்காதா... அப்போது ஜெயஸ்ரீதான் வாய் சும்மா இராமல், அது ஒண்ணா வராதும்மா, தனித்தனிப் பெட்டியா வாங்கி மாட்டணும் என்று சொல்லித் தொலைத்தாள். அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எத்தினி பெட்டிடி? எண்ணிச் சொன்னதும், கீபோர்டையும் மௌஸையும் பிரித்து வைத்தால் பதினொன்று வரும் என்று அவளே கணக்கை நேர் செய்துவிட்டாள். கூடவே ஒரு கட்டளை. ஒரு பெட்டிகூடப் பிரிக்கக் கூடாது, ஒட்டின டேப் ஒட்டினபடி இருக்க வேண்டும். கல்யாணச் சீரில் மிக்ஸியைக் கடைக்காரன் ஓட்டிக் காட்டுகிறேன் என்று பிரித்துவிட்டான், அதைப் பார்த்துவிட்டு ஹேமநாத்தின் பெரியம்மா, இது கடையில இருந்து வந்துதா, உங்க வூட்ல இருந்து வந்துதா சம்பந்தி என்று பந்தியிலேயே கேட்டுவிட்டாள். மாதங்கள் ஆகியும் அம்மாவுக்கு அந்தக் கேள்வி தொண்டையிலேயே நிற்கிறது.

ஆபேல் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிரிக்காம எப்டிமா குடுக்கறது? மாட்டி, ஓட்டிப் பாத்துதான் நாங்க குடுப்போம். அங்க போய் ஆன் ஆவலன்னு வையி, நம்ம பேர்தான் கெடும்." அவர் சொல்வது நியாயம்தான், ஊரில் எந்தக் கடையும் இப்படிக் கொடுக்காது, ஆனால் அம்மா சொல்வதும் ஜெயஸ்ரீக்குப் புரிந்தது. அந்தப் பெரியம்மா வருவாள், தட்டுத் தட்டாகக் குனிந்து பார்ப்பாள், மாமியார் வேறு நல்ல நேரம் முடிவதற்குள் கூடத்திலேயே வைத்து ஸ்விட்ச் போட்டுப் பார்த்துவிடணும் என்று சொல்லியிருக்கிறாள். பூஜையறைக்குப் பக்கத்தில் மேசை கூடப் போட்டாயிற்று. ஓடவில்லை என்றால்... முதல் தீபாவளிச் சீர், இருட்டாக ஒரு டப்பா, சுற்றி நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டு, ராசியில்லாத கை என்று யாராவது ஒருத்தி முணுமுணுத்தால் போதும், அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓட வேண்டும். முதல் தடவையே ஓட வேண்டும். அப்படியானால் எதையும் கடையில் பொருத்திப் பார்க்காமலே எதோடு எது சேரும் என்று இங்கேயே, தலைக்குள்ளேயே மாட்டிப் பார்த்து எடுத்தாக வேண்டும், அவ்வளவுதானே, செய்வோம் என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஹேமநாத் ஆசைப்பட்ட மதர்போர்டு அழகுதான், ஆனால் அது தயாரானபோது இந்தப் ப்ராசஸர் சந்தைக்கே வரவில்லை, பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தால் ஒழிய ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். அண்ணா, இப்ப வந்த லோடுல இருந்து ஒண்ணு எடுங்க என்றாள். அவர் ஏணி போட்டு ஏறி இறக்கிக் கொடுக்க, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தயாரிப்பு மாதத்தைப் பார்த்தாள், இது போன மாதம்தான், இது பேசும். பவர் சப்ளை? அவன் சொன்னதைப் போட்டால் சண்டைக் காட்சி உச்சத்துக்குப் போகிற நேரத்தில் மூச்சு முட்டி அணைந்துவிடும். அவன் ஆசைப்பட்டதெல்லாம் வெளிச்சம்தான், ரேமில் வெளிச்சம், விசிறியில் வெளிச்சம், பாவம், வெளிச்சத்துக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கத் தெரியவில்லை. ஒரு படி பெரிதாக எடுத்தாள். கார்டுப் பெட்டியில் அச்சிட்டிருந்த நீளத்தைப் பார்த்து, கேபினட் பெட்டியில் போட்டிருந்த உள்ளளவோடு மறுபடி மறுபடி ஒப்பிட்டு, இடம் இருக்கிறது, விரல்கடை இடம் மிச்சம் இருக்கிறது, போதும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, அம்மாகூட. அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருப்பதுதான் வேடிக்கை. கீழ்க்கட்டளை வீட்டு மாடியறையில் அவள் தானே மாட்டிய இயந்திரம் ஒன்று இன்னும் இருக்கிறது, காலேஜில் படிக்கும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழைய பாகங்களைப் பொறுக்கி மாட்டியது, அதில்தான் அவள் ஆன்லைன் கேம் ஆடினாள், கூடப் படித்த அஞ்சலியும் இன்னும் ரெண்டு பெண்களும் அவரவர் வீட்டிலிருந்து குழுவாகச் சேர்ந்துகொண்டார்கள், முகம் தெரியாத பையன்களை வளைத்து வளைத்து அடித்தார்கள், என்ன சிரிப்பு, என்ன கத்தல்... பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தினாள். பொண்ணுக்குத் தையல் தெரியும், கோலம் நல்லாப் போடுவா என்று அவர்களிடம் சொன்னாள். பொய் இல்லை, ரெண்டும் தெரியும்தான். ஆனால் தெரிந்ததில் எதைச் சொல்வது எதை விடுவது என்று முடிவு செய்தது யார்? அவளும் சும்மாதானே உட்கார்ந்திருந்தாள், கையில் காபித் தட்டோடு. புகுந்த வீட்டில் ஒரே ஒருமுறை வாய் தவறிவிட்டது. ஹேமநாத் தன் லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருக்கிறான், இவள் மடித்த துணியோடு பின்னால் போகிறாள், திரையில் எதிரி வரும் நிழல் தெரிகிறது, இவன் கவனிக்கவில்லை, கவனிக்கவே இல்லை, லெஃப்ட்ல வர்றான் என்று கத்திவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் துணியைப் பீரோவில் வைக்கப் போய்விட்டாள். அவனும் ஒன்றும் கேட்கவில்லை, அந்த வீட்டில் கேட்காமல் விடப்படும் விஷயங்கள் அநேகம், மாமியார் நல்லவள்தான், ஆனால் மருமகள் என்றால் எங்கே நிற்பாள், எங்கே உட்காருவாள் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

கடைசிப் பெட்டி மேசைக்கு வந்ததும் ஆபேல் அண்ணன், சரிமா, சிட்லபாக்கம் தானே, அன்னிக்கு ஒரு அரை மணி நேரம் நானே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போறேன், புது எடம் வேற, நீங்க ஏன் பேஜார் ஆவுறீங்க என்றார். நல்ல மனுஷன். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும், அம்மா ஆட்டத் தொடங்கியும் விட்டாள். வேணாம்ண்ணா, நானே மாட்டிக்கிறேன் என்று ஜெயஸ்ரீ சொன்னது அவள் காதுக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"இன்னாடி சொல்ற? உன் மாமியா எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்துகினு ஸ்க்ரூ திருவப் போறியா? பட்டுப் பொடவையோட?"

"பட்டு கட்ட மாட்டேன்மா. பட்டு உரசினா கரண்டு ஏறும், போர்டு போயிடும். காட்டன்தான்."

"அழைப்பு அன்னிக்குக் காட்டனா!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள். மகள் ஸ்க்ரூ திருகுவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய இடியாக விழுந்தது போலிருந்தது. அண்ணன்கிட்ட விட்டுருடி, எதுக்கு வம்பு, உனக்குத் தெரியும்னு காட்டி இன்னா ஆவப் போவுது என்றாள் தணிந்த குரலில். என்ன ஆகப் போகிறது? பாகம் பாகமாகத் தலைக்குள் மாட்டி முடித்துவிட்ட ஒன்றை வேறொரு கை வந்து மாட்டுவதை, தான் கதவோரம் நின்று தாம்பாளம் பிடித்துக்கொண்டு பார்ப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. அதற்கு அவள் ஆள் இல்லை. சத்தியமாக இல்லை. பெட்டி மேல சந்தனம் குங்குமம் வெச்சுக்கம்மா, உள்ள மட்டும் யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன் என்றாள். அம்மா முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஹேமநாத் கூப்பிட்டான். படிக்கட்டுக்கு வந்து எடுத்தாள், கீழே பஸ்களின் இரைச்சல், ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் கெடச்சுதா என்றான், குழந்தைக் குரலில். கெடச்சுது, நீங்க சொன்னதுல ரெண்டு மாத்திட்டேன், ஏன்னு வந்து சொல்றேன், அப்புறம்... யாரும் வர வேணாம், நானே மாட்டிடுவேன். லெஃப்ட்ல வர்றான்னு சொன்னியே, அன்னிக்கே நெனச்சேன் என்றான். சிரிக்கிறானா? சிரித்தான், பிரியமாகத்தான் சிரித்தான், அவளுக்கும் உடம்பு லேசாகிவிட்டது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை மாதம். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "ஜெயா, ஒண்ணு பண்ணலாமா? தட்டெல்லாம் வாங்கி வெச்சதும் ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயிடலாம். கதவ சாத்திட்டு நீ மாட்டு. நான் மாட்டினேன்னு வெளிய சொல்லிக்கலாம். அம்மா, பெரியம்மா எல்லாம் இருப்பாங்கல்ல... அப்புறம் நீயும் விளையாடலாம், ரூமுக்குள்ள யார் பாக்கப் போறா?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்கிறான், அதனால்தான் கோபம் எங்கே போய் விழுவது என்று தெரியாமல் தவித்தது. அம்மா துண்டு போர்த்தினாள், இவன் கதவைச் சாத்துகிறான், இருவருக்கும் அவள்மேல் ஆசைக்குக் குறைவில்லை. "ஹால்லதாங்க மாட்டுவேன்" என்றாள். "ஜெயா..." "ஹால்லதான். உங்க அம்மா எதிர்லதான்." அவன் கோபமாக இல்லை, உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டான், "எல்லார் எதிர்லயும் ஆன் ஆகலைன்னா?"

"ஆகும்" என்றாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போனை வைத்த பிறகும் அந்த உறுதி அப்படியே இருந்தது, கூலர் இடிக்காது, போர்டு பேசும், பவர் தாங்கும், ஸ்விட்சைத் தட்டியதும் விசிறி சுற்றும், திரையில் வெளிச்சம் வரும், மனசுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ஆன் ஆகிறது... பிறகு ஏன் இந்தப் பயம்? ஆன் ஆகாமல் போனால் அவமானம்தான், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விடலாம், பாவம், தெரியாம கை வெச்சுட்டா என்று நாலு நாளில் மறந்துவிடுவார்கள், அவளும் பழையபடி துணி மடிக்கப் போய்விடலாம். ஆன் ஆகிவிட்டால்? கையில் ஸ்க்ரூடிரைவரோடு நடுக்கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள், அதற்கப்புறம் அந்த வீட்டில் எழுந்து எங்கே போவது, எந்த ஜெயஸ்ரீயாகப் போவது... படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் பயந்தது இதற்குத்தானா?