தாய்மாமன் பேரு

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த மகளின் செல்போன் சத்தம் போட்டது. ஜெயப்பிரியா எட்டாம் வகுப்பு. போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். இந்த நேரத்தில் யாரடா என்று வளர்மதி எடுத்துப் பார்த்தாள்.

"உன் ஸ்கூல் வாசல்லதான் நிக்கிறேன். வீடியோல பார்த்தது, இன்னைக்கு நேர்ல பார்க்கணும்."

விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். பேச்செல்லாம் யாரென்றே தெரியாத ஒருவனுடையது. பிள்ளை ஒரே ஒரு முறை, 'பயமா இருக்கு அண்ணா, மெசேஜ் பண்ணாதீங்க' என்று எழுதியிருந்தாள். பெற்றவளிடம் சொல்லவில்லை பாருங்கள், பயத்தை அவனிடமே சொல்லியிருக்கிறாள். வளர்மதி அடுப்பை அணைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

அடுத்த தெருவிலிருந்து தம்பி கன்னியப்பன் பைக்கோடு ஓடி வந்தான். வழியெல்லாம் சண்டைதான்.

"மச்சான் கம்பெனிக்குப் போனா வாரத்துக்கு ஒருக்காதான் வர்றாரு. வூட்ல கீற நீ பார்க்க மாட்டியாக்கா?"

"வயசு பத்தலன்னு அந்த வீடியோ ஆப்பு சொன்னப்போ பொறந்த வருஷத்த மாத்திப் போட்டுக் குடுத்தவன் யாரு? நீதானடா!"

"ஊர்ல எல்லாரும் அப்டித்தான் போடறாங்க. ஆப்புக்காரன் ஆதார் கார்டா கேட்டான்? அவன் பார்க்க வேணாமா?"

"சீக்கிரம் போடா!" என்று அவன் முதுகில் குத்தினாள். ஏரிக்கரை முடியவே மாட்டேன் என்றது.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் வேதகிரி சாவகாசமாக எழுந்து வந்தார். "பாப்பாவக் கூப்பிட அவங்க மாமாதான் வந்தாரேம்மா."

"எந்த மாமா?"

"தாய்மாமன். கன்னியப்பன்னாரு. அப்பா கலைச்செல்வன், அம்மா வளர்மதி, ஊரு மானாம்பதின்னு மடமடன்னு சொன்னாரு. மண்டபத்துல சீர் வெச்சதக்கூடச் சொன்னாரு. அதான் பாப்பாவுக்கு ஆள் அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"யோவ், நான்தான்யா கன்னியப்பன்!"

வளர்மதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். 

உள்ளேயிருந்து தலைமையாசிரியை வேகமாக வந்தார். "எழுந்திரும்மா, பிள்ளை என் ரூம்லதான் இருக்கா. வாசல் கேட் கிட்ட வந்தவ, இது எங்க மாமா இல்லன்னு கத்திக்கிட்டே திரும்பி ஓடி வந்துட்டா. அவன் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். போலீசுக்குச் சொல்லியிருக்கேன். வீட்ல போனைக் குடுத்துட்டா நாங்க என்ன பண்றது?"

"பேரு கரெக்டா சொன்னா நான் இன்னா பண்றது?" என்றார் வேதகிரி.

 கன்னியப்பன் தன் போனைத் திறந்தான். ஜெயப்பிரியாவின் மஞ்சள் நீராட்டு வீடியோ. அவன்தான் போட்டிருந்தான். முதலிலேயே மண்டப வாசல் பேனர். பிள்ளையின் முகம், அப்பா அம்மா பேர், ஊர், எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பில் 'தாய்மாமன் சீர்: கன்னியப்பன்'. தன் பேர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேமராக்காரனை அங்கேயே நிற்க வைத்து எடுக்கச் சொன்னவனும் அவன்தான். ஊரே பார்த்திருந்தது. ஊரில் இல்லாதவர்கள் அதற்கு மேல் பார்த்திருந்தார்கள். எத்தனை தட்டியும் அழிக்கிற இடம் அவனுக்கு அகப்படவில்லை.

ஜெயப்பிரியா வெளியே வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். 

கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். "வா கண்ணு, மாமா வந்துட்டேன். வூட்டுக்குப் போலாம்."

அவள் சடாரென்று அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அவனும் இதையேதாம்மா சொன்னான்."