ஆடாத எஞ்சின்

அந்தக் குடும்பத்தில் யாரும் உட்கார்ந்தபடி காலாட்டக் கூடாது. மாமனார் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசு முள் ஆடி அடங்கும்வரை கண்கொட்டாமல் நின்றே காலத்தைக் கழித்தவர். முள் நிலைத்தால்தான் எடை, மனிதன் அசையாமல் உட்கார்ந்தால்தான் மனிதன் என்பது அவர் கண்ட உண்மை. பெரிய மகளைப் பெண் பார்க்க வந்த ஒருவனுக்கு நல்ல வேலை, நல்ல குணம், நல்ல முகம் எல்லாம் இருந்தும், பேசும்போது முழங்காலை ஆட்டினான் என்பதற்காகத் திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தவர் நட்டுவைத்த கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரே பெரிய மாப்பிள்ளை ஆனார். அதைத் தவிர அவரிடம் வேறென்ன கண்டார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை, அவரைக் கட்டிக்கொண்டவள் உட்பட.

மாமனாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. உருண்டை முதுகு, பாலேடு நிறம், வட்ட விளக்குகள். கண்புரை அறுவைக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் இரண்டு மாப்பிள்ளைகளையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஓய்வூதியர் சங்கக் கூட்டம் வருது. மூத்தவர்ங்கிற முறையில பெரிய மாப்பிள்ளை என்னை நம்ம வண்டியில கூட்டிட்டுப் போகட்டும். போய் இறங்குற வரைக்கும் சரியா இருந்தா வண்டி அவருக்கு. இல்லேன்னா சின்னவருக்கு."

பெரிய மாப்பிள்ளைக்கு இந்தக் கார் மூச்சு மாதிரி தேவைப்பட்டது. காப்பீட்டு அலுவலகக் கிளையொன்றின் மேலாளர் அவர். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன் புதிய பெரிய கார் வாங்கியிருந்தான். அதைவிடப் பெரியதை வாங்க இவருக்கு வக்கில்லை. ஆனால் பழைய காரில் வந்து இறங்குபவனைப் பரம்பரைப் பணக்காரன் என்று உலகம் தானாகவே நினைத்துக்கொள்ளும். எந்தச் செலவும் இல்லாமல் ஒரு பரம்பரை.

சாவியை முறுக்கியதும் பரம்பரை குலுங்கியது. கிளட்சை விட்டால் அடியில் 'டொக்' என்றது. கியர் கம்பு தலையை ஆட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பானெட்டுக்குள் யாரோ கட்டிலைப் புரட்டிப் போடுவதுபோல் எஞ்சின் ஒருக்களித்துப் படுத்து எழுந்தது. இதைப் பார்ப்பதற்கென்றே சின்ன மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். அவர் குளியலறை ஓடு விற்பவர். அவரும் அசையாமல் உட்கார்ந்து பெண் வாங்கியவர்தான்.

"என்ன சகலை, எஞ்சின் இந்த ஆட்டம் ஆடுது? மாமா பாத்தாருன்னா அதையும் வீட்டை விட்டுத் தொரத்திருவாரு."

"நீங்க உங்க ஓட்டைப் போய் ஒட்டுங்க. கழண்டு விழுந்துறப் போவுது."

பெரிய மாப்பிள்ளை காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். இந்த மெக்கானிக்கைப் பற்றி ஊரில் நல்ல பேர். வாடிக்கையாளர் சொல்லும் எதற்கும் அவன் மறுத்துப் பேசியதில்லை. அந்தப் பேருக்குக் காரணம் அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து, இரும்புக் கம்பியைக் கொடுத்து எஞ்சினைச் சற்றே நெம்பினான். எஞ்சின் மெத்தையில் கிடப்பவன்போலச் சாவகாசமாக எழுந்து படுத்தது.

"மவுண்டிங் போச்சு சார். ஆயில் ஒழுகி ஒழுகி ரப்பர் ஊறிப்போயிருக்கு."

கழற்றிக் காட்டினான். எஞ்சினை இரு பக்கமும் தாங்கிய ரப்பர்கள் ஊறிய ரொட்டிபோல உப்பி, இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தன. எஞ்சின் தலையைக் காரின் உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியின் இரண்டு முனையிலும் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருந்த இடத்தில் கொஞ்சம் கறுப்புத் தூள் மட்டும் இருந்தது. எல்லாவற்றுக்கும் புதிய ரப்பர் வாங்கிப் போட்டான். ஆயில் ஒழுக்கையும் அடைத்தான். 'டொக்' போயிற்று, கியர் கம்பு அடங்கியது. கார் சரியாகிவிட்டது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

பெரிய மாப்பிள்ளை பானெட்டைத் திறந்துவைத்து, மெக்கானிக்கை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் ஆடுதேப்பா."

"இது இருக்கும் சார். எஞ்சின்னா கொஞ்சம் அசையும். அந்த அசைவை வாங்கிக்கத்தானே ரப்பரே."

"எங்க மாமாவுக்கு அசைஞ்சாலே ஆகாது. இரும்புல புஷ் போடு."

"இரும்புலயா?"

"ரப்பர் நசுங்குது, அதனால ஆடுது. இரும்பு நசுங்குமா?"

"நசுங்காது சார்."

"அப்புறம் என்ன?"

மெக்கானிக்குக்கு அப்புறம் என்ன என்பது நன்றாகத் தெரியும். சொன்னால் வாக்குவாதம், செய்தால் வேலை. "சரி சார்" என்றான். புத்தம்புதிய ரப்பர்களைக் கழற்றி அலமாரியில் வைத்தான். லேத்தில் இரும்புக் கட்டைகள் கடைந்துவந்து, எஞ்சினைச் சட்டத்தோடு சட்டமாக முறுக்கி இறுக்கினான். ஸ்டார்ட் செய்தபோது பெரிய மாப்பிள்ளை மறுபடி குனிந்து பார்த்தார். எஞ்சின் இம்மி அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த மொத்தக் காரும் அதோடு சேர்ந்தே நடுங்கியதால் அசைவு தெரியவில்லை. நம்பர் பலகை வண்டுபோல ரீங்கரித்தது. பானெட்டில் கைவைத்துச் சாய்ந்திருந்தவரின் மோதிரம் தகரத்தில் தாளம் போட்டது. எஞ்சினைப் பார்க்க வந்தவர் எஞ்சினை மட்டுமே பார்த்தார்.

"இப்ப எப்படி நிக்குது பாத்தியா!"

"நிக்குது சார்" என்றான் மெக்கானிக், அதிரும் மட்கார்டிலிருந்து தன் ஸ்பேனரை நைசாக எடுத்துக்கொண்டு.

வீட்டுக்கு ஓட்டிவருகையில் ஏற்பட்ட அதிர்வைச் சாலையின் கணக்கில் எழுதினார். அவர் மனைவியிடம் அந்தக் கணக்கு செல்லவில்லை.

"என்னங்க, தெருவுல வரும்போதே வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுங்குது."

"எஞ்சினைப் பாத்தியா? சிலை."

"நான் எஞ்சின் மேலயா உக்காரப் போறேன்?"

கூட்டத்தன்று மாமனார் கஞ்சி போட்ட சட்டையில் முன்னால் ஏறி, கைகளை முழங்கால்மேல் வைத்து, தராசுக்கு முன் நிற்பவர்போல உட்கார்ந்தார். மகள் பின்னால் ஏறினாள். புறப்படும் முன் பெரிய மாப்பிள்ளை எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் தூக்கிக் காட்டினார். மாமனார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அன்று அவர் தானாகச் செய்த கடைசி அசைவு அது.

தெருமுனை தாண்டுவதற்குள் சாம்பல் தட்டின் மூடி வாயைத் திறந்துகொண்டது. பின்கண்ணாடியில் ஒரு பஸ் மூன்று பஸ்ஸாகத் தெரிந்தது. மகள் பக்கத்துக் கதவுக் கண்ணாடி ஏதோ முடிவுக்கு வந்ததுபோல் மெல்ல இறங்கிக் கதவுக்குள் போய்விட்டது. மாமனார் வேகமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அடித்துக்கொண்டது. தன் உத்தியோக வாழ்வில் எத்தனை முட்களை அடங்க வைத்தவர்! இதுவும் அடங்கும் என்று காத்திருந்தார்.

"எ...எ...எப்படி மாமா இருக்கு?"

மாமனார் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வாயைத் திறந்தால் பல் செட் வெளியே வந்துவிடும்.

கூட்டம் நடந்த கூடத்தில் மாமனாரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பழைய துறையே வந்திருந்தது. இவரிடம் ஒருகாலத்தில் அபராதம் கட்டிய கடைக்காரர் ஒருவரும் விருந்தினராக வந்திருந்தார். தேநீர் கொடுத்தார்கள். கோப்பை சாஸரோடு சேர்ந்து கலகலவென்று ஒலித்தது. வைத்துவிட்டார். பிறகு வலது முழங்கால் ஆடத் தொடங்கியது. கையால் அமுக்கினார், கையும் ஆடியது. இடது கால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதுவும் சேர்ந்துகொண்டது. நாற்காலி தரையில் டகடகவென்று தட்டியது. வரவேற்புரை வாசித்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைக்காரர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து மகள் முன்னால் சாய்ந்து, அக்கம்பக்கம் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அப்பா, காலாட்டாதீங்க. ஒரு நல்ல வரனை இதுக்காகத்தான் திருப்பி அனுப்பினீங்க."

மாமனார் பஸ்ஸில் வீடு திரும்பினார். வந்ததும் சாவியை வாங்கிச் சின்ன மாப்பிள்ளையிடம் கொடுத்தார். பெரிய மாப்பிள்ளை விடவில்லை.

"மாமா, எஞ்சின் ஆடலையே! நீங்களே பாத்தீங்களே!"

"நான் ஆடினேன், மாப்பிள்ளை."

இப்போதாவது யாருக்காவது புத்தி வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது. சின்ன மாப்பிள்ளை காரை நேரே மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"சகலைக்கு ஓட்டத் தெரியல. டயர்ல காத்து ஜாஸ்தி, சீட்டு மட்டம். அதான் மாமாவை உதறிடுச்சு."

மெக்கானிக் முதல்முறையாக வலியச் சென்று அலமாரியிலிருந்த ரப்பர்களை எடுத்துக் காட்டினான். "சார், இதை மறுபடி மாட்டிரவா?"

சின்ன மாப்பிள்ளை எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து குனிந்தார். எஞ்சின் பாறைபோல நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"ஆளு எப்படியோ, இதை மட்டும் கரெக்டாப் பண்ணியிருக்காரு. பாரு, ஆடுதா?"

"ஆடல சார்."

"அப்ப எதுக்கு ரப்பர்? சீட்டுக்கு நல்லா தடிமனா ஒரு பஞ்சு மெத்தை போடு."

"சரி சார்" என்று ரப்பர்களைத் திரும்ப அலமாரியில் வைத்தான் மெக்கானிக்.