மீனுக்குப் போடும் பொடி

முன்னறையில் பப்பாவின் சவப்பெட்டியருகே செபமாலை ஓடிக்கொண்டிருந்தபோது மாதலேன் பின்கட்டில் ஒரு சாக்கின் வாயை அறுத்தாள். பொடியை நீரில் கரைத்து, படித்த கல்லூரியின் சோதனைக்கூடத்திலிருந்து வாங்கி வந்த தாள்பட்டையை அதில் முக்கினாள். பொடியில் மருந்து கலக்கவில்லையென்றால் இரண்டு கோடு வர வேண்டும். ஒன்றுதான் வந்தது.

கொய்யா இலை, கீழாநெல்லி, பூண்டு. வளர்ப்பு மீனுக்கு நோய் அண்டாது, எடையும் கூடும் என்று அவள் பட்டப்படிப்பில் எழுதிய கலவை. அந்த வீட்டின் முதல் பட்டம். அதனால் பப்பா லூசியேன் ஒவ்வொரு சாக்கிலும் அவள் பெயரை அச்சடித்தார். வாங்க வருகிறவர்கள் எதிரில் ஒரு கை அள்ளித் தானே தின்று காட்டுவார். நான்கு வருஷம் தின்றார். எலும்புக்குள் இரத்தம் ஊறுவது நின்றுபோயிற்று. என்ன மருந்து சாப்பிட்டார் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். தலைவலி மாத்திரைகூட இல்லை என்றார்கள். மீன் தீவனத்தில் தடைசெய்த ஒரு மருந்து மனிதருக்கு இதைச் செய்யக்கூடும் என்று மாதலேன் படித்திருந்தாள்.

இலை வாங்குவதும் சாக்குக் கட்டுவதும் மொரீஸ் சித்தப்பா. வேறு யார் கலந்திருப்பார்? அண்ணன் பெட்டியில் கிடக்க, வுங் டாவ் ஊரிலிருந்து துக்கத்துக்கு வந்த மீன்பண்ணைக்காரரின் வண்டியில் இருபது சாக்கு ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் கொடுத்த வாக்காம்.

கிண்ணத்தில் பொடியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"பப்பா இல்ல. நீங்க தின்னு காட்டுங்க சித்தப்பா."

"பெட்டி மூடற நேரத்துல பேசற பேச்சா இது? படிச்ச திமிரு." ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றார். அவள் அந்த முகத்தையே பார்த்தாள். கசப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"துப்பு, மொரீஸ்."

அம்மா மரி. செபத்தின் நடுவில் எழுந்து வந்திருந்தாள். இலையை இடித்துச் சலிப்பவள். மாதலேன் அவளை நினைத்தே பார்க்கவில்லை.

"துப்புன்னு சொல்றேன்ல."

சித்தப்பா குழாயடிக்கு ஓடினார்.

"எப்பலேர்ந்தும்மா?"

"மொத தடவையே மீனெல்லாம் செத்து மெதந்துச்சு. உன் எலை கேக்கல. சாக்குல உன் பேருல்ல இருந்துச்சு. அதான் மருந்தைக் கலந்தேன்." அம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். "மீனு திங்கறது மனுசனை என்ன பண்ணிரும்னு…"



பண்ணைக்காரர் வாசலில் வந்து நின்று, ஏற்றலாமா என்று வியட்நாமிய மொழியில் கேட்டார். அம்மா மகளைப் பார்த்தாள். வேண்டாம், மருந்து கலந்திருக்கிறது, முன்பு வாங்கியதையும் போடாதீர்கள் என்றாள் மாதலேன் அதே மொழியில். யார் கலந்தது என்று அவர் கேட்டார். கலவை என்னுடையது என்று மட்டும் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியின் பின்கதவைச் சாத்தினார்.

முன்னறையில் ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். படியேறும்போது அம்மா தடுமாறி அவள் முழங்கையைப் பற்றினாள். மாதலேன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.