மாதிரி நோயாளி சென்றாயன்

சோளக்காட்டுத் தொலைமருத்துவ மையத்தில் என் வேலை நோயாளிகளைப் பார்ப்பதல்ல. விதிகளுக்கு நோவு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. கம்ப்யூட்டரில் போகும் விவரமெல்லாம் முறைப்படி போகிறதா என்று கவனிக்க ஓர் ஆள் வேண்டுமாம். 2005இல் அதற்கு என்ன தகுதி என்று தலைமை அலுவலகத்துக்கே தெரியாது. சேந்தமங்கலத்திலிருந்து தினமும் மலையேறினாலும் இந்த இர்ஃபானாவுக்கு, அதாவது எனக்கு, பஸ்ஸில் வாந்தி வராது என்று தெரிந்ததும் எடுத்துக்கொண்டார்கள்.

மையம் என்றால் ஓர் அறை, மொட்டைமாடியில் ஒரு பெரிய டிஷ், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஈசிஜி மெஷின், நர்ஸ் பொன்னாயி. கோயம்புத்தூரில் இருக்கும் டாக்டர் திரையில் தோன்றி வைத்தியம் சொல்வார். அவர் அனுமதி திரையில் விழாமல் மாத்திரை அலமாரியைத் திறந்தால் பொன்னாயிக்கு வேலை போய்விடும்.

மாதாமாதம் அர்த்தனாரி சார் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருவார். அசல் நோயாளியை அவர் முன்னால் உட்கார வைக்கக் கூடாது, நோயாளியின் ரகசியம் வெளியே போய்விடுமாம். மற்ற நாளெல்லாம் பலாப்பழம் வாங்க வந்த சந்தையே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கும், அது கணக்கில் வராது. ஆகவே எங்கள் ஆம்புலன்ஸ் ஜீப் டிரைவர் சென்றாயண்ணனை நோயாளியாக நடிக்க வைப்போம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மாதம்மா!" என்று மனைவி பேரைச் சொல்லி அவர் அலறுகிற அலறலில் அர்த்தனாரி சார் கைதட்டாத குறைதான்.

போலிப் பதிவு அசலோடு கலந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகச் சென்றாயண்ணன் பெயருக்கு ஒரு நிரந்தர முத்திரை குத்தினார்கள்: ‘மாதிரி நோயாளி. டாக்டருக்கு அனுப்ப வேண்டாம்.’ ஆய்வு நாளில் மட்டும் அர்த்தனாரி சாரின் பாஸ்வேர்டு போட்டால் டாக்டருக்குப் போகும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், ஜீப் துடைத்துக்கொண்டிருந்த சென்றாயண்ணன் உள்ளே வந்து பெஞ்சில் சாய்ந்தார்.

"ஏனுங்க மேடம், நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வெச்சாப்பல இருக்குதுங்க."

பொன்னாயி சிரித்தாள். "இன்னிக்கு சார் வரலீங்ணா. நடிப்பைப் பத்திரமா வெச்சுக்கோங்க."

அவர் அலறவில்லை. அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. யா அல்லாஹ், இது நடிப்பல்ல. சந்தையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த மாதம்மாளுக்கு ஆள் அனுப்பிவிட்டு அண்ணன் பெயரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் கொஞ்சமும் அசரவில்லை. மாதிரி நோயாளியாம், அனுப்ப வேண்டாமாம். அர்த்தனாரி சாருக்குப் போன் போட்டேன்.

"மாதிரி நோயாளிக்கு நோய் வர விதியில இடமில்லையேம்மா. எழுதி அனுப்புங்க, திங்கட்கிழமை கமிட்டில வைக்கிறேன்."

"அதுவரைக்கும் நெஞ்சுவலியை நிறுத்தி வெக்கச் சொல்லட்டுங்களா சார்?"

"கோபப்படாதீங்க. விதியைக் காப்பாத்த வேண்டியவங்களே நீங்கதான்."

போனை வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதற்குள் மாதம்மாள் ஓடி வந்துவிட்டார்.

"அக்கா, உங்க பேர்ல பதியட்டுங்களா?"

"என்ர பேரென்ன, என்ர உசுரையே போட்டுக்க கண்ணு! அவர மட்டும் காப்பாத்திரு!"

மாதம்மாள், பெண் என்று பதிந்தேன். பொன்னாயி அண்ணன் மார்பில் ஒயர்களை ஒட்டினாள். டாக்டர் திரையில் வந்தார். ஈசிஜியைப் பார்த்தார். பிறகு முறுக்கு மீசையைப் பார்த்தார்.

"இவங்கதான் மாதம்மாளா?"

"ஆமாங்க சார்," என்றேன், கண் இமைக்காமல்.

ஆய்வுக்கு ஆய்வு அந்த முகத்தைப் பார்த்தவர் அவர்.

"இந்தம்மா எப்பவும் நல்லாக் கத்துவாங்க. இன்னிக்குச் சத்தமே இல்ல, அதுதான் பயமா இருக்கு. ஹார்ட் அட்டாக்தான். அலமாரியைத் திறங்க. மாத்திரை குடுத்து உடனே நாமக்கல்லுக்குக் கொண்டு போங்க."

மாத்திரை கொடுத்தாயிற்று. ஆம்புலன்ஸும் தயார். ஓட்ட வேண்டியவர்தான் உள்ளே படுத்திருந்தார். மாதம்மாளிடம் மிளகு நிறுத்துக்கொண்டிருந்த வியாபாரி ஜெய்லானி பாய் தராசை அப்படியே போட்டுவிட்டு அந்தம்மா பின்னாலேயே வந்திருந்தார். அவரே ஜீப்பை ஓட்ட ஏறினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மாதம்மாள் அறப்பளீஸ்வரரைக் கூப்பிட்டார், நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். மலையடிவாரத்தில் காரவள்ளி வந்ததும் அண்ணன் வாயைத் திறந்தார்.

"பாய் கியர் போடற லட்சணத்துக்கு நான் அங்கியே செத்திருக்கலாமுங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாமக்கல்லில் பிழைத்துக்கொண்டார்.

இனி அவர் காலமெல்லாம் மாத்திரை சாப்பிட வேண்டும். அவர் பேரில் கொடுக்க முத்திரையை நீக்குங்கள் என்று நடந்ததை எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: இறப்புச் சான்றிதழ் இருந்தால் மட்டுமே மாதிரிப் பதிவை நீக்க முடியும். அதாவது செத்துக் காட்டினால் வைத்தியம் பார்ப்பார்கள். மாதம்மாளுக்குச் சிறப்பாகச் சிகிச்சை அளித்ததற்குப் பாராட்டு வேறு. அதனால் மீசையோடு ‘மாதம்மாள்’ வாராவாரம் வந்து படுத்து, மாத்திரை வாங்கிப் போனார். வேறு டாக்டர் திரையில் வந்தால் சொல்ல ஒவ்வொரு வாரமும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

அடுத்த ஆய்வுக்கு அர்த்தனாரி சார் மூச்சு வாங்கியபடி படியேறி வந்தார். "எங்கம்மா சென்றாயன்? உட்காரச் சொல்லுங்க."

மாதம்மாள் குறுக்கே வந்து நின்றார். "என்ர ஊட்டுக்காரரு இனி நடிக்க மாட்டாருங்க. அத்தனை ஆசையா இருந்தா நீங்களே உட்காருங்க சாமி."

சாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஜம்மென்று உட்கார்ந்தார், பாஸ்வேர்டையும் போட்டார். நான் அவர் பெயரை முழுசாக, முறைப்படிப் பதிந்து, நிரந்தர முத்திரையை அழுத்தினேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"விதியைக் காப்பாத்தறேனுங்க சார். இனி நீங்க மாதிரி நோயாளி. நம்ம மையம் எதுக்குப் போனாலும் உங்களை டாக்டருக்கு அனுப்ப மாட்டாங்க. நீக்கணும்னா இறப்புச் சான்றிதழ் வேணுங்க."

அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. முகத்தில் வேர்வை.

அன்று சாயங்காலமே விதி திருத்தப்பட்டது. கமிட்டியும் கூடவில்லை, திங்கட்கிழமையும் வரவில்லை. சென்றாயண்ணன் தன் சொந்தப் பெயரில் மாத்திரை வாங்கினார்.

பக்கத்தில் நின்ற மாதம்மாள் பெருமூச்சு விட்டார். "அப்பாடி! என்ர நெஞ்சு சரியாப் போச்சு."