திறக்கிற சன்னல்

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் திறக்கிற சன்னல் ஒன்றுதான். உலகத்தில் யார் குறைவாக மிச்சமிருக்கிறார்களோ, அவர்களுக்கே அந்த சீட். மனிதர்களுக்குக் கிடைப்பது அபூர்வம்.

அன்றைக்கு ஜெபராணிக்குக் கிடைத்தது. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பொள்ளாச்சி ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேரப் போகிறாள். உடம்பில் புதுச் சுடிதார், கையில் எலுமிச்சம்பழம். வளைவு வந்தால் அவளுக்கு வயிறு புரட்டும். முகத்தில் காற்றுப் பட்டால்தான் அடங்கும். வாந்தி நாற்றத்தோடு போய் நின்றால் எந்தக் கடைக்காரன் உள்ளே விடுவான்?

முதல் வளைவுக்கு முன்னால் ஒரு கங்காருவும் ஒரு சோலைத் தவளையும் ஏறினார்கள். இருவருமே சன்னலைக் கேட்டார்கள்.

கண்டக்டர் மயில்சாமி வழக்கம்போல் விசாரித்தார். "முதுகெலும்பு?"

"இருக்கு" என்றார்கள் இருவரும்.

"அதுவரைக்கும் சொந்தக்காரங்க. பிள்ளைக்குப் பால் உண்டா?"

"பைக்குள்ள வச்சே கொடுப்போம்" என்றது கங்காரு.

"அய்ய! நாங்க முட்டையோட சரி" என்றது தவளை. "நீரும் வேணும், நிலமும் வேணும்."

"அப்ப கங்காரு இந்தப் பொண்ணு வகை. பாலூட்டி. உங்காளுங்க எத்தனை பேரு?"

"கொள்ளைப் பேருண்ணே." கங்காரு கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டது.

"நாங்க ஒரே ஒரு ஓடையிலதான். அதுவும் வத்துது."

"அழிவின் விளிம்பு. எந்திரி பாப்பா."

ஜெபராணி எழுந்திருக்கவில்லை. "அண்ணே, காத்துப் பட்டா தவளைக்குத் தோல் காஞ்சிடும். சன்னல் சீட் வாங்கிட்டுச் சாகணுமா அது?"

தவளை யோசித்தது. "வாஸ்தவம். ஆனா உரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கங்காரு தன் பையை விரித்துக் காட்டியது. மகள் பெரியவளாகிவிட்டதால் பை காலி. தவளை உள்ளே குதித்து, "ஈரமா, சுகமா இருக்கு" என்றது. பைக்குள் போனவர் பிள்ளைக் கணக்கு. பிள்ளைக்குத் தனி சீட் கிடையாது. காற்றில் பை காய்ந்துவிடும் என்று கங்காருவும் சன்னலை வேண்டாமென்றது.

"வாயாடி, பொழச்சுக்குவே" என்றார் மயில்சாமி.

ஜெபராணி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். வளைவுகள் சுகமாகக் கழிந்தன.

அட்டகட்டி நிறுத்தத்தில் மலையே பஸ்ஸில் ஏறியது. அதைப்போல் இன்னொன்று எங்கேயும் இல்லை. இதில் பேச என்ன இருக்கிறது? ஜெபராணி தானே எழுந்து இடம் விட்டாள்.

மலை பஸ்ஸுக்குள் வந்துவிட்டதால் வெளியே வளைவு இல்லை. பஸ் நேராக ஓடியது. அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். வயிறு கம்மென்று கிடந்தது, சுடிதாரில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

மலைக்குத்தான் பஸ் பழக்கமில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. ஜெபராணி எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

"மோந்துக்கிட்டே வாங்க. சரியாயிடும்."