ஏழாவது கிண்ணத்தில் மஞ்சள்

ஆராய்ச்சிக்காரிக்கும் அவள் நாத்தனாருக்கும் ஒரே ஆய்வகத்தில் வேலை. வீட்டில் மூட்டிய சண்டையை ஆய்வகத்தில் வேகவைத்துக்கொள்ளலாம் என்பதால், கொடுத்து வைத்த குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

இந்த முறை சண்டை மூளைக்காய்ச்சல் கிருமியைப் பற்றியது. ரத்தத்தில் திரிகிற கண்டதெல்லாம் மூளைக்குள் நுழையாதபடி, அங்குள்ள ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கில்லாமல் ஒட்டி நிற்கும். அந்தக் காவலை இந்தக் கிருமி உடைப்பதில்லை; மேலே போய் ஒட்டிக்கொள்கிறது, ஏமாந்த செல்லே அதை உள்ளே வாங்கி மறுபக்கம் இறக்கிவிடுகிறது என்று ஆராய்ச்சிக்காரி ஆறு மாதமாகச் சொல்லி வந்தாள். கட்டுரை தயார். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

வியாழக்கிழமை காலை நாத்தனார் ஒன்றைக் கொளுத்திப் போட்டாள். அந்தச் செல்களைக் குட்டிக் கிண்ணங்களின் அடியிலுள்ள மெல்லிய சவ்வில்தான் வளர்க்கிறார்கள். சுவர் இறுகிவிட்டதா என்று ஆராய்ச்சிக்காரி தினமும் மின்கம்பியை உள்ளே விட்டு அளப்பாள். அவசரக்காரி. கம்பி சுவரைக் கீறியிருந்தால்?

"கிருமியை யாரும் தூக்கிட்டுப் போகல அண்ணி. நீங்க போட்ட ஓட்டை வழியா அதுவே நடந்து போயிருக்கு."

மதியம் அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மாத உழைப்பும் ஒரு கீறலில் போய்விடுமே.

மறுநாள் பன்னிரண்டு கிண்ணங்களை எடுத்தார்கள். வழக்கம்போல் அண்ணியே கம்பியை விட்டு அளந்தாள். மருமகள் உப்புப் போடுவதைப் பார்க்கிற மாமியார் மாதிரி நாத்தனார் பக்கத்திலேயே நின்றாள். பிறகு கிருமியோடு மஞ்சள் சாயமும் விட்டார்கள். சாயத்தைச் செல் சுமந்து போகாது. ஓட்டை இருந்தால்தான் கீழே ஒழுகும். கீழே இறங்கியதை எடுத்துத் தட்டுகளில் வளர வைத்தார்கள். சாயம் பார்க்க மிச்சத்தை மூடி வைத்தார்கள். இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்று நாத்தனாருக்குப் பிடிவாதம்.

சனிக்கிழமை பார்த்தார்கள். பன்னிரண்டு தட்டிலும் கிருமி முளைத்திருந்தது. பதினோரு கிண்ணத்தின் கீழே சாயத்தின் சுவடே இல்லை. ஏழாவதில் மட்டும் பளிச்சென்று மஞ்சள்.

அண்ணியின் முகம் தொங்கிவிட்டது. அந்தக் கிண்ணத்தை மட்டும் கணக்கிலிருந்து தூக்கிப் போட்டால் கேட்பாரில்லை. அவளோ வாயை விட்டாள்.

"ஏழாவதுல கம்பி பட்டுச்சு. எனக்கே தெரிஞ்சுது. நீ பக்கத்துல நின்னியா, சொல்ல மனசு வரல."

இதற்குத்தான் காத்திருந்த நாத்தனார், குத்திக் காட்டாமல் ஏழாவதை மற்ற பதினொன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு அண்ணி. இதுவும் ஒழுகாம இருந்தா, உங்க சாயம் எந்த ஓட்டையிலயும் ஒழுகாதுன்னு நானே கிளப்பி விட்டிருப்பேன். மத்த பதினொண்ணுலயும் ஓட்டை இல்ல, செல்தான் கிருமியைத் தூக்கிட்டுப் போச்சுங்கறதுக்கு இதுதான் சாட்சி. உங்களுக்குக் கை தவறினாலும் காரியம் கூடுது."

ஏழாவது கிண்ணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தார்கள். 'அண்ணியின் அவசரத்தால்' என்று நாத்தனார் தட்டினாள். அண்ணி அதை அழித்துவிட்டு, 'அளவுக்கம்பி பட்டதால்' என்று மாற்றினாள். கால் மணி நேரம் அதற்கும் ஒரு சண்டை நடந்தது. பிறகு இருவரும் பசியோடு சாப்பிடப் போனார்கள்.